விலைக்கு வந்த முகங்கள்

முஹய்யோ ஒரு கைக்குழந்தைக்கு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் கிடந்த போன் அதிர ஆரம்பித்தது. குழந்தை கேமராவை விட்டுவிட்டு மேசையையே பார்த்தது. அதன் அம்மா கிலுகிலுப்பையை ஆட்டினாள், கைதட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை ஊர்ந்து போயிற்று.

"யாரு செத்துப்போனா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ஸ்டூடியோ முதலாளி ஸுல்ஃபியா அக்கா.

"யாரும் சாகலக்கா. எங்க குரூப்தான்."

"அந்தப் பந்து விளையாட்டு குரூப்பா? ஒருத்தன் செத்திருந்தாக்கூட இவ்வளவு மெசேஜ் வராதே!"

குழந்தையை ஒருவழியாகப் படம் பிடித்து அனுப்பிவிட்டு முஹய்யோ போனை எடுத்தாள். நெக்ரூஸ் போட்டிருந்தான்: "நண்பர்களே, இந்த சீசன் பேட்ச் இலவசம் கிடையாது. முப்பது சோமோனி. இஷ்டமிருப்பவர்கள் வாங்கலாம்." அதற்குக் கீழே மழைபோலப் பதில்கள் கொட்டிக்கொண்டிருந்தன.

தஜிகிஸ்தானில் குஜாந்த் பக்கத்துப் பையன்கள் கம்ப்யூட்டரில் ஆடுகிற அந்தக் கால்பந்து விளையாட்டு பழையது. ஸ்பெயின் உண்டு, இங்கிலாந்து உண்டு. இங்கே சனிக்கிழமை சாயங்காலம் புழுதியில் ஓடுகிறவர்களை அந்தக் கம்பெனிக்காரன் எங்கே கண்டான்? அதனால் ரசிகர்களே உட்கார்ந்து, ஸுக்த் மாகாணத்து அணிகளை எல்லாம் அந்த விளையாட்டுக்குள் புகுத்தினார்கள். அதற்குப் பெயர்தான் பேட்ச். மைதானங்களை வரைந்தவர் இஸ்தரவ்ஷனில் பல் வைத்தியம் பார்க்கும் ஹுஸ்ராவ். எல்லாவற்றையும் ஒட்டித் தைத்து, ஓட வைத்து, குரூப்பையும் நடத்தியவன் நெக்ரூஸ். ஆட்டக்காரர்களுக்கு முகம் வைத்தவள் முஹய்யோ.

முகம் வைப்பது லேசான வேலை இல்லை. லீவு நாளில் ஸ்டூடியோவின் நீள லென்ஸைக் கடன் வாங்கிக்கொண்டு போய் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்காருவாள். ஓடுகிறவன் திரும்பும்போது ஒன்று, எச்சில் துப்பும்போது ஒன்று, நடுவரோடு சண்டை போடும்போது ஒன்று என்று எடுத்துத் தள்ளுவாள். வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மொட்டைத் தலைமேல் அந்தப் படங்களைப் போர்த்தி, மூக்கை இழுத்து, தாடையை அமுக்கி, புருவத்தில் வெட்டுத் தழும்பு இருந்தால் அதையும் கீறி, ஆளை உருவாக்குவாள். பார்க்கிறவன் பெயரைப் படிக்காமலேயே "இவன் நம்மாளு" என்று சொல்ல வேண்டும். அதுதான் அவளுக்குக் கணக்கு. இதுவரை யாரும் அவளுக்கு ஒரு பைசா தந்ததில்லை. அவளும் கேட்க நினைத்ததில்லை.

இப்போது குரூப்பில் ஆளுக்கு ஆள் அவளைக் கூப்பிட்டார்கள்.

"முஹய்யோ அக்கா, நீங்களும் இதுக்கு உடந்தையா?"

"அக்கா பாவம்டா, எத்தனை வருஷமா ஓசியில உழைக்கிறாங்க. முப்பது சோமோனிக்கு நாலு சம்சா வராது, அழாதீங்கடா."

"சம்சாவைத் தின்னா வயிறு நிறையும். இதைத் தின்னா?"

"நெக்ரூஸ் விக்கிறது யாரோட பொருள்? விளையாட்டு கம்பெனியோடது. கொடி கிளப்போடது. இவன் நடுவுல உட்கார்ந்து கல்லா கட்டுறான்!"

ஹுஸ்ராவ் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "என் மைதானங்களை விற்கிறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

முஹய்யோ 'எனக்கும் இது தெரியாது' என்று அடித்தாள். அழித்தாள். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று அடித்தாள். அதையும் அழித்தாள். அன்று பூராவும் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு பெரியவருக்கு ஓய்வூதியப் படம் வெட்டும்போது காதையும் சேர்த்து வெட்டிவிட்டாள். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு காது இருந்ததா ஞாபகம் மகளே" என்றார். ஸுல்ஃபியா அக்கா வந்து கத்தரியை வாங்கிக்கொண்டாள்.

"போ. போய் அவனைப் பார்த்துப் பேசிட்டு வா. இப்படி உள்ளுக்குள்ளயே கொதிச்சிக்கிட்டு இருந்தா இன்னிக்கு யாருக்கும் காது மிஞ்சாது."

நெக்ரூஸின் போன் ரிப்பேர் கடை பஞ்ஷன்பே சந்தைக்குள், கொட்டை வகைகள் விற்கும் வரிசைக்குப் பின்னால் இருந்தது. ஆள் நடக்கவே இடமில்லாத கடை. அவன் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவளைக் கண்டதும் ஸ்டூலைத் தள்ளினான்.

"திட்ட வந்தியா, பங்கு கேக்க வந்தியா?"

"என்னைய ஏண்ணே கேக்கல?"

"கேட்டிருந்தா நீ ஒரு மாசம் யோசிப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?" அவன் கண்ணாடியைக் கழற்றினான். "முஹய்யோ, இங்க பாரு. இந்த போன்ல ஒரு ஸ்க்ரூ மாட்டினா காசு வாங்குறேன். யாராவது என்னைய திருடன்னு சொல்றானா? அங்க ராப்பகலா கண்ணு வீங்க உழைக்கிறேன். ஒருத்தன் மெசேஜ் போடுறான், 'டேய் சோம்பேறி, பேட்ச் எங்க?' ஓசியில குடுத்தா சோம்பேறி. காசுக்குக் குடுத்துப் பாரு, அண்ணேம்பான்."

"ஹுஸ்ராவ் அண்ணன் வருத்தப்படுறாரு."

"அவர் பல்லை ஓசியாவா புடுங்குறாரு? பக்கத்துல இருக்கிற நல்ல பல்லுக்கும் சேர்த்துல்ல வாங்குறாரு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கோபம் பாதி கரைந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

"மைதானத்தைப் பார்க்கவா வாங்குவாங்க?" என்று குரலைத் தாழ்த்தினான் நெக்ரூஸ். "முகத்தைப் பார்க்கத்தான் வாங்குவாங்க. உன் முகங்களைத்தான். வர்றதுல பாதி உனக்கு. இந்த ஊர்ல இப்படி ஒருத்தி இருக்கான்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

காசு என்றபோது அசையாத ஏதோ ஒன்று, கடைசியில் அவன் சொன்னதற்கு அசைந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அம்மா, "இன்னும் அந்தப் பொம்மைத் தலைங்களா?" என்பாள். அவளுடைய கையை இதுவரை யாரும் விலை மதித்துப் பார்த்ததில்லை.

"பார்க்கலாம்ணே," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பார்க்கலாம் என்பதை நெக்ரூஸ் சரி என்று எடுத்துக்கொண்டான். அவள் மினி பஸ்ஸில் வீடு போய்ச் சேருவதற்குள் குரூப்பில் போஸ்டர் ஏறிவிட்டது. 'முஹய்யோவின் கைவண்ணத்தில் நிஜ முகங்கள். கட்டணப் பதிப்பில் மட்டும்.' இலவசமாகவும் ஒரு பதிப்பு உண்டாம், அதில் எல்லோருக்கும் ஒரே மொட்டை முகமாம். போஸ்டரின் நடுவில், பந்தைப் பிடிக்கப் பாய்கிற இஸ்ஃபரா ஊர்க்காரன் ஒருவன். போகிஸ்தோன் அணியின் கோல்கீப்பர் இஸ்மத்.

சற்று நேரத்தில் ஹுஸ்ராவ் கூப்பிட்டார். பல் துளைக்கிற மிஷின் சத்தம் பின்னால் நின்று போயிற்று.

"தங்கச்சி, உன் பேரைப் போட்டிருக்கான். நீ சொல்லித்தான் போட்டானா?"

"நான் பார்க்கலாம்னு சொன்னேண்ணே."

"பார்க்கலாம்னா?"

முஹய்யோ போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்குப் பல்லு புடுங்குறது வேலை. அவன் கத்துறான், நான் காசு வாங்குறேன், ரெண்டு பேருக்கும் கணக்கு சரியாப் போச்சு. மைதானம் கட்டுறது எனக்கு சந்தோஷம். அதுல விலைச் சீட்டு ஒட்டினா அப்புறம் அதுவும் இன்னொரு பல்லுதான். என் மைதானங்களை எடுத்துடச் சொல்லிட்டேன். உன்மேல கோபமில்ல." கொஞ்சம் நிறுத்தி, "கோபம் இருக்கு. ஆனா அப்புறம் போயிடும்" என்றார்.

விற்பனை தொடங்கியது. நெக்ரூஸ் சொன்னது ஒரு பக்கம் பலிக்கவும் செய்தது. பலர் வாங்கினார்கள். அவனை அண்ணே என்று கூப்பிட்டவர்களும் உண்டு. ஆனால் வாங்கியவர்களின் குரலே மாறிவிட்டது. முன்பெல்லாம் "அக்கா, முடிஞ்சா நம்ம ரைட் பேக்குக்கு தாடி வைப்பீங்களா?" என்று கெஞ்சியவன், இப்போது "காசு கட்டி ரெண்டு நாளாச்சு, தாடி எங்க?" என்றான். மைதானங்கள் போனதால் ஆட்டங்கள் எல்லாம் ஏதோ ஐரோப்பிய ஊரின் புல்வெளியில் நடந்தன. அதற்கும் திட்டு. போதாக்குறைக்கு எவனோ ஒருவன் கட்டணப் பதிப்பை அப்படியே எடுத்து வேறொரு குரூப்பில் சும்மா போட்டுவிட்டான். ஹுஸ்ராவ்தான் செய்திருப்பார் என்று நெக்ரூஸ் எழுதினான். "நான் இன்னும் வாங்கவே இல்லையே, எங்கிருந்து திருடுவேன்?" என்று ஹுஸ்ராவ் எழுதினார். அதற்குச் சிரித்தவர்கள் ஒரு கட்சி, முறைத்தவர்கள் ஒரு கட்சி.

முஹய்யோ சாப்பிடும்போது போனைப் பார்த்தாள். படியேறும்போது பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று பைக்குள் போட்டுவிட்டு, பையைத் திறந்து பார்த்தாள். தேநீர் ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிட்டது. நெக்ரூஸ் அனுப்பிய முதல் பங்கு போனில் வந்து விழுந்தபோது சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சந்தோஷம் ஏன் உடம்பில் முள்போல ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் புரியவில்லை.

அந்த நிலையில்தான் ஸ்டூடியோ வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றான். தலை நிலைப்படியில் இடிக்காமல் இருக்கக் குனிந்தான். முஹய்யோ நிமிர்ந்து பார்த்தவுடன் பெயர் சொல்லாமலே தெரிந்துவிட்டது. இடது புருவத்தில் அந்தத் தழும்பு. கீறியவள் அவள்தானே.

"முஹய்யோங்கிறது?"

"நான்தான்."

"என் மூஞ்சியை விக்கிறது நீங்கதானா?"

ஸுல்ஃபியா அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் கத்தரி இருந்தது.

இஸ்மத் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஸ்டூல் முனகியது. அவனுக்குக் கத்தத் தெரியவில்லை. கைகளைப் பிசைந்துகொண்டே பேசினான். "டீம்ல தினமும் கிண்டல். 'இஸ்மத் அண்ணே, மூஞ்சிக்கு எவ்வளவு வாங்குனீங்க? எங்களுக்கு ஓஷ் சோறு வாங்கித் தாங்க'ன்னு. பொண்டாட்டி கேக்குறா, அந்தக் காசை எங்க ஒளிச்சு வெச்சிருக்கேன்னு. நான் வாங்கலன்னா ஒருத்தரும் நம்பல."

"அண்ணே, அது..."

"இருங்க. நாலஞ்சு வருஷமா என் மூஞ்சி அதுல இருக்குன்னு எனக்குத் தெரியும். பசங்க காட்டுனாங்க. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நம்மளையும் யாரோ ஒருத்தர் மெனக்கெட்டு வரைஞ்சிருக்காங்களேன்னு. ரோட்டுல போறப்ப ஒருத்தர் நம்ம கையைப் பிடிச்சிக் குலுக்குற மாதிரி. அதுக்குப் போயி கேட்டியா கேக்கலையான்னு யாரு கேப்பா? ஆனா இப்ப வியாபாரம். வியாபாரம்னா கேக்கணும்ல?"

முஹய்யோவுக்குக் காது சூடேறியது. என்னை ஏன் கேட்கவில்லை என்று சந்தைக்குள் போய் நெக்ரூஸிடம் சண்டை போட்டவள் அவள். ஹுஸ்ராவும் அதையேதான் கேட்டார். இந்த மனிதனிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் அவ்வளவு நாள் உட்கார்ந்திருந்தாளே, அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வலைதானே இருந்தது. ஒருநாளாவது கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

"பங்கு வேணும்னா தரேண்ணே. இல்ல, எடுத்துடணும்னா எடுத்துடுறேன்," என்றாள்.

அவன் புருவத் தழும்பைத் தடவிக்கொண்டான்.

"எடுக்க வேணாம்," என்றான் கடைசியில். "ஆனா அதுல ஏன் நான் எப்பவும் கோல் வாங்குனவன் மாதிரியே இருக்கேன்?"

"எப்படி?"

"அழுமூஞ்சியா. போஸ்டர்ல பாருங்க."

ஸுல்ஃபியா அக்கா போனில் போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாடி!" என்றாள். முஹய்யோவும் பார்த்தாள். உண்மைதான். பின்னாலிருந்தே பார்த்தவளுக்கு அவன் முகம் தெரிந்ததெல்லாம் வலைக்குள் போன பந்தை எடுக்கத் திரும்பியபோது மட்டும்தான். அந்த முகத்தைத்தான் ஊரெல்லாம் விற்றிருக்கிறாள்.

அவனை அப்போதே வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். "சாதாரணமா இருங்கண்ணே" என்றால் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்தான். "சிரிங்க" என்றால் பல்வலிக்காரன் மாதிரி ஆனான். கடைசியில் ஸுல்ஃபியா அக்கா குறுக்கே வந்தாள். "ஏன்ப்பா, பெனால்டி ஏதாவது பிடிச்சிருக்கியா இல்லையா?" அவன் போன வருஷம் பிடித்த ஒன்றைப் பற்றி ஆரம்பித்தான். அடித்தவன் இடது பக்கம் பார்த்தான், நான் வலது பக்கம் சாய்ந்தேன் என்று எழுந்து நின்று செய்தே காட்டினான். விளக்குக் கம்பம் ஒன்று சாய்ந்தது. முஹய்யோ நிறுத்தாமல் எடுத்தாள்.

போகும்போது அவன் சொன்னான்: "சனிக்கிழமை இஸ்ஃபரா வாங்க. மத்தவங்களையும் கேட்டுடுங்க. என்னைய மட்டும் கேட்டீங்கன்னா அதுக்கும் கிண்டல் பண்ணுவாங்க."

போனாள். ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் சுவரோரம் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள். இஸ்மத் அவளைக் காட்டி, "இவங்கதான் நம்மளையெல்லாம் வித்தவங்க" என்று அறிமுகப்படுத்தினான். ஒரே சிரிப்பு. அவள் நின்றபடியே சொன்னாள்: "உங்களைக் கேக்காம செஞ்சது தப்பு. இனிமே விக்கிறதுக்கு இல்ல. சும்மாத்தான். இஷ்டமிருந்தா சொல்லுங்க, இல்லாட்டி எடுத்துடுறேன்." விற்பதற்கில்லை என்று அந்த நிமிஷம்வரை அவள் முடிவு செய்திருக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு முடி கம்மியா இருக்கு, அதைச் சரி பண்ணுங்க, அப்புறம் பார்க்கலாம்."

"டேய், முடி நிஜத்துலயே கம்மிடா!"

"என் வேகத்தை ஏத்திக் குடுப்பீங்களா?"

ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். ஷோத்மோன் மட்டும் எழவில்லை. எட்டாம் நம்பர், நடுக்களத்து ஆட்டக்காரன், அமைதியானவன். அவனுடைய முகம்தான் அவள் செய்ததிலேயே நேர்த்தியானது. வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்தது.

"எனக்கு வேணாம்," என்றான்.

"காசு வேணும்னா..."

"காசுக்கும் வேணாம், சும்மாவும் வேணாம். யாரோ ஒருத்தன் வீட்டுல உட்கார்ந்து என்னைய ஓட வைக்கிறது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். திரும்பி வரும் மினி பஸ்ஸில், தான் செய்த ஷோத்மோன் முகத்தைப் போனில் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த முகத்தில் அவள் பட்ட பாடு அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால்தான் என்ன, அது அவன் முகம்.

கைராக்கும் என்ற ஊரைத் தாண்டும்போது நெக்ரூஸ் கூப்பிட்டான்.

"நீ இஸ்ஃபராவுல போய் என்ன பேசின? விற்பனை இல்லன்னு எனக்கு ஒருத்தன் மெசேஜ் போடுறான்!"

"ஆமாண்ணே. அவங்க சும்மா குடுத்தாங்க. சும்மாத்தான் போகணும்."

"வாங்கினவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"திருப்பிக் குடுத்துடுங்க. என் பங்கை இப்பவே அனுப்புறேன்."

"நீ என்னைய கேட்டியா?" அவன் குரல் உடைந்தது. "எல்லாருக்கும் கேக்கணும், மரியாதை குடுக்கணும். நெக்ரூஸுக்கு மட்டும் வேணாம். இந்தக் குரூப்பைக் கட்டினவன் நான். எனக்கு யாராவது என்னிக்காவது நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா?"

அவன் சொன்னது பொய்யில்லை.

"நன்றிண்ணே," என்றாள், ரொம்பச் சின்னதாக.

"இப்ப சொல்லாத," என்றான். போன் கட்டாயிற்று.

அதற்கப்புறம் குரூப் இரண்டாகப் பிரிந்தது. நெக்ரூஸ் காசைத் திருப்பிக் கொடுத்தான். சிலருக்கு உடனே, சிலருக்கு இழுத்தடித்து. பிறகு வர்ணனைக் குரல் பதிப்பு ஒன்றைத் தானே செய்து விற்க ஆரம்பித்தான். அதில் இருந்த குரலும் அவனுடையதே. யாரும் குறை சொல்ல முடியவில்லை. நன்றாகவும் இருந்தது. முஹய்யோ ரகசியமாக இல்லாமல் தன் பெயரிலேயே காசு கட்டி வாங்கினாள். அவன் ரசீது மட்டும் அனுப்பினான், வேறு ஒரு சொல்லும் இல்லை.

ஹுஸ்ராவும் அவளும் சேர்ந்து இலவசப் பேட்சை வெளியிட்டார்கள். முன்பைவிடச் சின்னது. சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும் முகம். பதில் சொல்லாத அணிகளுக்குச் சும்மா ஒரு பொது முகம். ஒரு கிளப் தலைவர் கொடிக்கு வாடகை கேட்டார், அவர் அணியையே விட்டுவிட்டார்கள். அதற்கும் திட்டு வந்தது. "ஓசின்னா இப்படித்தான் அரைகுறையா இருக்கும்" என்று எழுதினான் ஒருவன். முன்பு காசு கேட்டபோது அதிகமாகக் கத்தியவனும் அவனேதான்.

ஷோத்மோனின் கோப்பை அழிக்கும்போது அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒருமுறை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தாள், அழித்தாள்.

பேட்ச் வெளிவந்த மறுநாள் பகலில், ஸ்டூடியோவில் கூட்டமாக இருந்தபோது மேசைமேல் போன் மறுபடி துடித்தது.

"அக்கா, எட்டாம் நம்பருக்கு ஏன் மொட்டை மூஞ்சி?"

"அவர் வேணாம்னுட்டார்," என்று எழுதினாள்.

"வேணாம்னு சொல்ல அவர் யாரு? அவரைப் பார்க்கத்தானே நாங்க மைதானத்துக்குப் போறோம், டிக்கெட் எடுக்குறோம்!"

"அவர் மூஞ்சி, அவர் இஷ்டம்டா."

"அப்ப ரசிகனுக்கு உரிமையே இல்லையா?"

கிடுகிடுவென்று ஆட்கள் கூடினார்கள். இரண்டு நிமிஷத்தில் ஹுஸ்ராவ் ஒரு பக்கம், பழைய குரூப்பிலிருந்து வந்த நாலு பேர் மறு பக்கம். நடுவில் நெக்ரூஸின் பெயரில் ஒரு ஒற்றைச் சிரிப்பு வந்து விழுந்தது. எந்தப் பக்கத்துச் சிரிப்பு என்று யாருக்கும் விளங்கவில்லை. முஹய்யோ எழுதத் தொடங்கினாள். விரல் நடுவில் நின்றது.

"அடுத்தவங்க வந்தாச்சு," என்றாள் ஸுல்ஃபியா அக்கா.

பள்ளிக்கூட அடையாள அட்டைக்காக ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து, நெற்றிமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். முஹய்யோ போனை அப்படியே திறந்தபடி மேசையில் வைத்துவிட்டு கேமராவைக் கையில் எடுத்தாள்.

"எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் ஆச்சரியமாகப் பார்த்தாள். "எடுக்கத்தானேக்கா வந்தேன்?"

"சரி, இந்தப் பக்கம் பாரு," என்றாள் முஹய்யோ. போன் மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.